சகலைக்கு விற்ற பாட்டு

1

இந்தக் கதையை நான் வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். சொன்னவர் என் பல் டாக்டர். கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே சொன்னார். குறுக்கே கேள்வி கேட்க வழியில்லை. வலியில் "ஆ" என்றேன், அதை அவர் "அப்புறம்?" என்று எடுத்துக்கொண்டார். எழுதிக்கொள்ளட்டுமா என்று பிறகு கேட்டதற்கு, "தாராளமா எழுதுங்க, பேர் மட்டும் போட்டுடாதீங்க" என்றார். போடவில்லை.

2

முதல் தொடக்கம்: "டாக்டரின் அலமாரியில் சிடிகள் அணிவகுத்து நின்று அவரை—"

அணிவகுக்கிறதாம்! அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "பொறாமை என்பது மனித குலத்தின்—"

யார் படிப்பார்கள் இதை?

மூன்றாவது: டாக்டருக்குத் தன் சகலையைக் கண்டால் ஆகாது.

இது நிற்கும். மனைவியின் தங்கையைக் கட்டியவரோடு ஆகாது என்றால், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

3

சகலைக்கு மரக்கடை. வீட்டில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் வைத்திருந்தார். டாக்டரிடம் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சேர்த்த சிடிகள் இருந்தன. அத்தனையையும் டாக்டர் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார். அதன் பிறகு சிடிகளைச் சகலைக்கு விலை பேசினார். அலமாரி காலி, பாட்டும் கைவிட்டுப் போகவில்லை, சகலை தலையில் மிளகாயும் அரைத்தாயிற்று.

(மாட்டை விற்றவன் பாலை வைத்துக்கொள்ள முடியாது. பாட்டை விற்றவனுக்கு முடிகிறது, அதுதான் வம்பு. சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்காதீர்கள், நான் வக்கீல் இல்லை.)

பெட்டிகளை எடுத்துப்போக வந்த சகலை உருகிவிட்டார். "எப்படித்தான் மனசு வந்து குடுக்கறீங்களோ, சகலை!"

அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து டாக்டரின் மனைவி குரல் கொடுத்தாள்: "காப்பி போட்டாச்சு!"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே. டாக்டருக்கு வியர்த்துவிட்டது. "எல்லாத்தையும் இல்ல சகலை... கம்ப்யூட்டர்ல ஒண்ணு ரெண்டுதான் காப்பி போட்டேன்..."

மனைவி தட்டில் ஆவி பறக்கும் காப்பியோடு வந்து நின்றாள். சகலை காப்பியைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார்.

"அப்ப நான் என்னத்த வாங்கறேன்? டப்பாவையா?"

"அழிச்சிடறேன். இன்னிக்கே அழிச்சிடறேன்."

"சரி. நீங்க சொன்னா போதும்." காப்பியைக் குடித்துவிட்டு, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

(இந்தச் சகலை இவ்வளவு நல்லவரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கொஞ்சம் அயோக்கியனாக்கி எழுதிப் பார்த்தேன். டாக்டருக்குப் பொறாமைப்பட வேலையே இல்லாமல் போய்விட்டது. கெட்டவனைத் திட்டிவிட்டுத் தூங்கிவிடலாம், நல்லவனை என்ன செய்வது?)

4

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் விருந்து. சாப்பாடு முடிந்ததும் சகலை ஒரு சிடியைத் துடைத்துப் போட்டார். வீட்டில் அதே பாட்டு ஓடினால் "சவுண்டக் குறைங்க, தலை வலிக்குது" என்கிற டாக்டரின் மனைவி, தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும், "இன்னொரு தடவை போடுங்களேன்" என்றாள். கட்டிய புருஷன் பக்கத்தில் இருக்க, தங்கை புருஷனிடம் கேட்டாள்!

டாக்டருக்கு வயிறு பற்றி எரிந்தது. என் பாட்டு, என் பெண்டாட்டி, இவன் யாரடா நடுவில்?

திரும்பும்போது காரில் பொறுக்க மாட்டாமல் சொன்னார்: "இதே பாட்டு நம்ம வீட்லயும் இருக்கே."

"இன்னும் இருக்கா?" என்றாள். "அழிச்சிடறேன்னு சொன்னீங்க?"

வீடு வரை அவர் கணக்குப் போட்டபடியே காரை ஓட்டினார். அழித்தால், பாட்டுக்காக அவள் சகலை வீட்டுக்குத்தான் போவாள். அழிக்காவிட்டால், சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவன் என்று தெரிந்தே அவள் அவரோடு வாழ்வாள். மனுஷன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

இந்த இடத்தில் டாக்டர் என் பல்லை அடைத்துவிட்டு, "வாய் கொப்பளிங்க" என்று போய்விட்டார்.

5

முடிவு ஒன்று: அழிக்கிறார். மனைவி பின்னால் வந்து தோளில் கை வைத்து— (சீ, விளம்பரப் படம் மாதிரி இருக்கிறது.)

முடிவு இரண்டு: அழிக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு திருட்டுத்தனமாகக் கேட்கிறார். கேட்டு, கேட்டு— (கேட்டு என்ன? தெரியவில்லை.)

பல்வலி இல்லாமலே டாக்டரிடம் போனேன். அவர் சங்கடமாகச் சிரித்தார்.

"முடிவை அந்த நாவல் எழுதறவர் கேட்டாரு. போன வாரம் ஒரு பல் பிடுங்க வந்தப்ப சொல்லிட்டேனே."

அவரா! பரிசு மேல் பரிசு வாங்கும் அந்த மனுஷனுக்கு என் டாக்டரின் முடிவும் வேண்டுமாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருந்தாலும் பல்லைக் காட்டினேன்.

"அதனால என்ன டாக்டர், எனக்கும் சொல்லுங்க. இன்னொருத்தருக்குச் சொன்னா கதை குறைஞ்சா போயிடும்?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"இல்ல சார். அவருக்குக் குடுத்துட்டேன். குடுத்துட்டா குடுத்ததுதான்."

எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை. இதிலிருந்தே கம்ப்யூட்டர் முன்னால் அவர் என்ன செய்திருப்பார் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். போதாது என்றால் அந்த நாவல் வந்ததும் வாங்கிப் படியுங்கள். படித்துவிட்டு, நன்றாக இருந்தது என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.