வாய்க்காலின் வழியில்

விடியுமுன்பே கடப்பாரைச் சத்தம் தொடங்கிவிட்டது. பாப்புவா நியூகினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியின் மேட்டுக் குடியிருப்பில், வேலைக்குப் போகுமுன் வீட்டுக்கு ஒருவர் கழிவுநீர் வாய்க்கால் தோண்ட இறங்கவேண்டும் என்பது அவர்களே போட்டுக்கொண்ட சட்டம். நெற்றியில் மாட்டிய பின்னல்பையில் கல் சுமந்துவந்து கொட்டினாள் டோர்காஸ். கழுத்து நரம்பு புடைத்தது. கீழே இடுப்பளவு சேற்றில் நின்றான் அவள் தம்பி சியுனே.

"கல்லுன்னு நெனச்சு கெழங்க கொண்டாந்துட்டியாக்கா? இத்துனூண்டு இருக்கு!"

"வாய மூடிக்கிட்டு அடுக்குடா."

இந்தக் கரையில் டோர்காஸின் சிம்பு மலைக்காரர்கள், அந்தக் கரையில் எங்கா மலைக்காரர்கள். பேதியில் இரு கரையிலும் பிள்ளைகள் செத்த பிறகுதான் சேர்ந்து மண்வெட்டி எடுத்தார்கள். சேர்ந்து தோண்டினார்களே தவிர, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அன்று மேடேறி வந்தது புல்டோசர். பின்னால் நாய்களோடு காவலாட்கள். ஜீப்பிலிருந்து இறங்கிய முதலாளி பாஸ், குடியிருப்புக்காரர்கள் போட்ட பாதையையும் தெருக்குழாயையும் நோட்டம் விட்டான்.

"பரவால்லயே, குப்பைமேட்டத் தோட்டமாக்கிட்டீங்க. நல்ல வெலைக்குப் போகும். நெலம் என்னுது. கெளம்புங்க."

"குப்பையா கெடந்தப்ப எங்கய்யா போயிருந்த?" என்றாள் டோர்காஸ்.

நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். கம்பும் கல்லும் பறந்தன. சதை கிழிந்தது. புல்டோசர் ஓட்டிவந்த எங்கா இளைஞன் லாக்காய்ன் கரையோரம் நிறுத்தினான்.

"உள்ள ஆளு இருக்கு பாஸ்!"

பாஸ் ஏறி அவன் பிடரியில் ஓங்கி அறைந்தான். "தள்ளுடா!"

வண்டி முன்னால் பாய்ந்தது. கரை சரிந்து, அடுக்கிய கல்லெல்லாம் சியுனேமேல் விழுந்தது. தோண்டி எடுத்தபோது நெஞ்சு நொறுங்கியிருந்தது. அவன் வாய்ச் சேற்றை விரலால் வழித்தெடுத்தாள் டோர்காஸ். மூச்சில்லை.

ரத்தத்துக்கு ரத்தம் என்று சிம்பு ஆண்கள் வெட்டுக்கத்தி உருவினார்கள். எதிர்க்கரையிலும் கத்திகள் மின்னின. பாஸ் ஜீப்பில் சாய்ந்து சிகரெட் பற்றவைத்தான்.

"இது உங்க ரெண்டு கூட்டத்துச் சண்ட. எனக்கென்ன?"

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அந்தப் பாவி எங்காக்காரனை வண்டியில் ஏற்றியதே அதற்குத்தான்.

"மொத வெட்டு ஒன்னோடது" என்று யாரோ டோர்காஸின் கையில் கத்தியைத் திணித்தார்கள். அவள் வண்டிமேல் ஏறினாள். லாக்காய்ன் ஓடவில்லை, கண்ணை மூடித் தலை குனிந்தான். அவன் பிடரியில் ஐந்து விரலும் சிவந்து பதிந்திருந்தன. அவள் அதையே பார்த்தாள்.

"எறங்குடா" என்றாள்.

மண் தள்ளும் முன்பலகைக்கு எண்ணெய் போகும் குழாயை வெட்டினாள். மறுபடி வெட்டினாள். கறுப்பு எண்ணெய் பீச்சியடித்து அவள் முகத்தை நனைத்தது. தூக்கிநின்ற பலகை மண்ணில் பொத்தென்று விழுந்தது.

"எந்தம்பியக் கொன்னவன் அதோ சிகரெட் குடிக்கிறான்!"

இரு கரையிலிருந்தும் கற்கள் பறந்தன. ஜீப்பின் கண்ணாடி உடைந்தது. நெற்றியில் ரத்தம் வழிய, "போலீசோட வரேண்டா!" என்று கத்திக்கொண்டே ஓடினான் பாஸ், பின்னால் காவலாட்களும்.

செத்த வண்டிக்குப் பக்கத்திலேயே துக்கப் பந்தல் போட்டார்கள். எங்கா பெண்கள் துக்க வழக்கப்படி உடம்பெல்லாம் சேறு பூசி, அழுதுகொண்டு வாய்க்காலைத் தாண்டி வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. அன்று ஒரே அடுப்பில் கிழங்கு வெந்தது.

மறுநாள் விடியலில் சியுனேயின் மண்வெட்டியோடு இறங்கினான் லாக்காய்ன். மேட்டுக்குக் கீழே போலீஸ் வண்டிகளின் ஊளை கேட்டது.

"அக்கா, புல்டோசர் குறுக்க நிக்குதே. வளச்சுத் தோண்டவா?"

டோர்காஸ் கல்பையை நெற்றியில் மாட்டினாள்.

"நேராத் தோண்டு. வழிய மறிச்சு நிக்கிறது அதுதான், நாம ஏன் வளையணும்?"

இரு கரைக்காரர்களும் வாய்க்காலில் இறங்கினார்கள்.