இருபதுக்குப் பத்து

கம்பத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கர்ணன் காதில் ‘அடி’ என்ற சொல் விழுந்தால் போதும், மோரில் ஈயைப் பார்த்தவர் போல முகத்தைச் சுளிப்பார்.

“அடிங்கிறது எவனோ ஒரு வெள்ளைக்காரன் காலு. அவன் காலை வச்சு என் சாமானை எதுக்கு அளக்கணும்? மீட்டர்னு சொல்லுங்க. கவருமெண்டு கணக்கு.”

வந்தவர்கள் இரண்டு மீட்டர் சட்டைத்துணியை வாங்கிக்கொண்டு பேசாமல் பக்கத்துக் கடை டெய்லரிடம் போவார்கள். அவர் அதே துணியை மடியில் போட்டுக்கொண்டு நெஞ்சு நாற்பது, தோள் பதினெட்டு என்று அங்குலத்தில் கூவுவார். கர்ணனின் சொந்த இடுப்பே முப்பத்தெட்டு அங்குலம்தான். அதை அவர் மீட்டரில் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

அண்ணன் பேச்சிமுத்துவுக்குத் தேனியில் மரக்கடை. அங்கே நிலை ஏழடி, பலகை ஒன்றரை அங்குலம், லாரியில் வந்திறங்கும் மரம் கன அடி. “மீட்டரெல்லாம் ஆட்டோவுக்குடா. அதையும் நம்மூரு ஆட்டோக்காரன் போட மாட்டான்” என்று தம்பியை வாரிக்கொண்டே இருப்பார். இந்த இரண்டு பேரும் ஒத்துப்போகிற அளவு ஏதாவது உண்டா என்றால், காய்ச்சல் வந்தால் நூற்றிரண்டு டிகிரி என்பது ஒன்றுதான்.

இவர்களுக்கு ஒரே தங்கை ராஜாத்தி. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் விஜய்பாண்டியைக் கட்டியவள். அவளுடைய மூத்த பையனுக்குக் காது குத்தியபோது பேச்சிமுத்து மடியில் உட்கார வைத்துத்தான் குத்தினார்கள். தாய்மாமன் மடி என்றால் சும்மாவா? அன்றைக்குப் பட்டு வேட்டியும் மாலையுமாக அண்ணன் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்ததிலிருந்து கர்ணனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை என்று அவர் வீட்டம்மாவே வெளியில் சொல்லியிருக்கிறாள். அடுத்தது திரிஷா, மூன்று வயதுப் பெண். இந்த மடி தன் மடிதான் என்று கர்ணன் மனதுக்குள் துண்டு போட்டு வைத்திருந்தார்.

ஆனால் பேச்சிமுத்து விடவில்லை. “மூத்த மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?” என்று தங்கைக்குப் போன் போட்டார். அவர் வைத்ததும் கர்ணன் போட்டார். ராஜாத்திக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

“ரெண்டு பேரும் என் உசுர வாங்காதீக. அன்னைக்குப் புள்ள யாருகிட்ட வருதோ அவுக மடிதான். சொல்லிப்புட்டேன்.”

இப்படியானால் தன் கதை முடிந்தது என்று கர்ணனுக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் ஞாயிறுதோறும் தேன்மிட்டாயோடு போய் இறங்குகிறவர். கர்ணனோ, பக்கத்திலேயே இருந்தும், கல்லாவை விட்டு எழுந்திருக்காத ஆள். அவரைக் கண்டால் குழந்தை அம்மாவின் சேலைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். முகம் பழக்கமில்லை, அதுதான் கோளாறு. ஆக, முகத்தைப் பழக்க வேண்டும். கடையையும் பூட்டக் கூடாது. யோசித்தபோது ஃப்ளெக்ஸ் பேனர் ஞாபகம் வந்தது. மாவட்டத்தில் பூப்புனித நீராட்டு முதல் பதினாறாம் நாள் வரை ஃப்ளெக்ஸ் இல்லாமல் எதுவும் நடக்காத காலம் அது.

தேனியில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் வைகுண்டராஜைப் போனில் பிடித்தார்.

“எங்கண்ணன் பேனருக்கு உங்ககிட்டத்தான் குடுத்துருக்காகளாமே? எவ்வளவு சைஸு?”

“இருபதுக்குப் பத்துண்ணே.”

“அடிதானே?”

“அடிதாண்ணே.”

“நமக்கும் அதே இருபதுக்குப் பத்து. ஆனா மீட்டர்.”

“மீட்டராண்ணே? நெசமாத்தான் சொல்றீகளா?”

“ஏன், என் மூஞ்சிக்கு மீட்டர் தாங்காதா? நட்ட நடுவுல என் முகம் மட்டும் பெருசா இருக்கணும். பல்லு தெரியச் சிரிச்ச மாதிரி போடுங்க. புள்ளைக்கு முகம் பழகணும்ல.”

வைகுண்டராஜ் இன்னொரு தரம் கேட்டுப் பார்த்தார். மூன்றாம் தரம் கேட்கவில்லை, அவரும் வியாபாரிதானே.

மீட்டர் என்பது மூன்றடிக்குக் கொஞ்சம் கூட என்று கர்ணனுக்குத் தெரியாதா? தெரியும். அண்ணனுடையதைப் போல மூன்று மடங்கு வரும் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னார். கோளாறு எங்கே என்றால், துணி வியாபாரிக்கு நீளம் மட்டும்தான் அளவு. அகலம், அவர்கள் பாஷையில் பன்னா, மில்லிலேயே முடிவாகி வந்துவிடும். கத்தரிக்கோல் அந்தப் பக்கம் போவதில்லை. நீளமும் மூன்று மடங்கு, அகலமும் மூன்று மடங்கு என்றால் பெருக்கிப் பார்க்க வேண்டும், அது பத்து மடங்கைத் தாண்டும் என்ற விஷயம் அவர் கடைப் படியை மிதித்ததே இல்லை.

விசேஷத்தன்று காலையில் சமுதாயக்கூடத்துக்கு முன்னால் பேச்சிமுத்துவின் பேனர், அவர் கடைச் சட்டத்திலேயே அடித்து, அடக்கமாக நின்றது. பிறகு ஒரு மினி லாரி வந்தது. பெரிய பாயைச் சுருட்டியது போல ஒரு சுருளை ஆறு பேர் சேர்ந்து இறக்கினார்கள்.

“என்ன மச்சான், பந்தலுக்கு மேல போடுற தார்ப்பாயா?” என்றார் விஜய்பாண்டி.

“பேனரு மாப்ளே” என்றார் கர்ணன். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

நட்டு வைத்திருந்த கம்புகள் அதற்கு இடுப்புக்குக்கூட எட்டாது. வேறு வழியில்லாமல் இரண்டு மாடிக் கூடத்தின் மொட்டை மாடியில் கட்டிக் கீழே உருட்டிவிட்டார்கள். முதலில் கர்ணனின் நெற்றி வந்தது. ஊரே அண்ணாந்து பார்த்தது. பிறகு மாட்டுவண்டிச் சக்கரம் போல இரண்டு கண்கள். மூக்கு. அதற்குப் பிறகு பற்கள். கூடத்தின் சுவர், சன்னல், வாசல், எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கர்ணன் சிரித்தார். குழந்தையின் படம் எங்கே என்று தேடினால், கீழே ஒரு மூலையில் தபால்தலை போல இருந்தது.

“ஏலே கர்ணா!” பேச்சிமுத்து நிதானமாக வந்து தம்பியின் தோளில் கை போட்டார். “காது குத்துறது புள்ளைக்கா, மேற்குத் தொடர்ச்சி மலைக்கா?”

சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பொத்தாமலும் சிரித்தார்கள்.

ராஜாத்திக்குச் சிரிப்பு வரவில்லை. “சின்னண்ணே, வாசலை அடைச்சுப்புட்டீக. சாப்பிட வந்த சனம் வெளிய நிக்குது. பந்தியில எலை போட்டாச்சு!”

கழற்றுவதற்கு நேரமில்லை. சமையல்காரர் தேங்காய் உரிக்கிற அரிவாளோடு வந்து, வாசல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்து, மேலிருந்து கீழாக ஒரு கீறு கீறினார். அது சரியாகக் கர்ணனின் மேல்வரிசைப் பற்களில் தொடங்கி மோவாயில் முடிந்தது. ஆனி மாதத்துக் காற்றைப் பற்றி அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீறல் விரிந்தது, மூடியது, மறுபடி விரிந்தது. மொய்க்கவரோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கர்ணன் வாய்க்குள் நுழைந்து மறைந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் திரிஷாவைப் பட்டுப்பாவாடையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் அண்ணாந்து கண்ணைப் பார்த்தாள். பல்லைப் பார்த்தாள். அவளுடைய சொந்த அண்ணன் குதித்துக்கொண்டு வாய்க்குள் போனதையும், வாய் மூடிக்கொண்டதையும் பார்த்தாள்.

அப்படி ஒரு அலறலைக் காமயகவுண்டன்பட்டி கேட்டிருக்காது.

“கண்ணு, மாமாடா, உன் மாமன்டா” என்று கர்ணன் கையை நீட்டிச் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. பேனரில் இருந்த அதே பல்.

“முழுங்கிரும்! மாமா முழுங்கிரும்!”

பிள்ளையைப் பின்பக்க வழியாக உள்ளே தூக்கிப் போனார்கள். முகம் பழகிவிட்டது, அதில் குறையில்லை. கர்ணன் தானும் பின்பக்கமாகவே நுழைந்து, மணைக்குப் பக்கத்தில் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். பார்க்கிறவர்களெல்லாம் தன் பல்லையே பார்ப்பது போலிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையோடு முகத்தையும் மூடிக்கொண்டார். உள்ளே அழுதாரா என்று தெரியாது. துண்டு மட்டும் கொஞ்சம் குலுங்கியது.

பேச்சிமுத்து மாலையை நேராக்கிக்கொண்டு மணையில் அமர்ந்தார். திரிஷா தேன்மிட்டாய் மாமாவிடம் சமர்த்தாகத்தான் போனாள். ஆசாரி ஊசியை எடுக்கும் வரைக்கும். ஊசி வெளியே வந்ததும் பெரிய மாமன் வயிற்றில் ஓர் உதை விட்டாள், மடியிலிருந்து வழுக்கி இறங்கி ஓடினாள். நான்கு பக்கமும் கைகள். எல்லாக் கைகளுக்கு மேலேயும் ஒரு முகம். சுவரோரத்தில் மட்டும் முகமே இல்லாமல் ஓர் ஆள் இருந்தார். நேராகப் போய் அந்த மடியில் ஏறி, துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு சுருண்டுகொண்டாள்.

கர்ணன் துண்டை விலக்கக் கையைத் தூக்கினார்.

“சின்னண்ணே, எடுத்துறாதீக!” ராஜாத்தி பாய்ந்து கையைப் பிடித்தாள். “அப்படியே இருங்க. புள்ள வந்துருச்சுல்ல, இனி உங்க மடிதான். ஆசாரி, இங்கன வாங்க!”

ஆசாரி அங்கேயே மண்டியிட்டு ஒரு காதைக் குத்தினார், அழுகை அடங்குவதற்குள் மறு காதையும் குத்தினார். குழந்தை அழுதுகொண்டே அந்த மடியை இறுக்கிக்கொண்டது. போட்டோக்காரர் வந்து நின்றார்.

“தாய்மாமன் கொஞ்சம் முகத்தைக் காட்டுங்க.”

“காட்டக் கூடாது!” என்றது பந்தியில் பாதி.

பேச்சிமுத்து வயிற்றைத் தடவிக்கொண்டே குனிந்தார். “ஏலே, ஆல்பத்துல இது நீதான்னு எவனுக்குடா தெரியப்போகுது?”

“புள்ளைக்குத் தெரியாம இருந்தாப் போதும்ணே” என்றது துண்டு, மெதுவாக.