அரை டாக்டர் கொடுத்த மாத்திரை

'அரை டாக்டர்' என்றால் அந்தத் தெருவில் வாண்டுகளுக்குக்கூட அவளைத் தெரியும். மருந்துக்கடையில் பில் போடுகிற வேலைதான். ஆனாலும் வீடு திரும்பும் வழியில் நாலு பேருக்காவது வைத்தியம் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அண்ணிக்குத் தொண்டை கட்டியபோதும் அப்படித்தான். வெந்நீரில் போயிருக்க வேண்டிய சளிக்கு ஒரு பட்டை ஆன்டிபயாடிக் மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள். தொண்டை திறந்தது, கீழே அரிப்பு பிடித்துக்கொண்டது, வெள்ளை வேறு பட்டது. அண்ணி கூசிக் கூசிச் சொன்னதும், இன்னும் வீரியமான பட்டை வந்து இறங்கியது. அரிப்பு இரட்டிப்பானது.

அண்ணன் லாரி ஓட்டுபவர், வாரக்கணக்கில் வெளியூர். அண்ணிக்கு வேறென்ன தோன்றும்? எங்கேயோ போய் நோயை வாங்கிவந்து தன் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டாள். லீவில் வீட்டுக்கு வந்திருந்த அவர் சத்தியம் செய்யச் செய்யச் சந்தேகம் வளர்ந்தது.

அரை டாக்டர் கடையில் மருந்தாளுநரிடம், யாரோ ஒரு கஸ்டமருக்கு என்று சொல்லி விசாரித்தாள். ஈஸ்ட் என்கிற பூஞ்சை எல்லார் உடம்பிலும் கொஞ்சம் இருப்பதுதானாம். நல்ல கிருமிகள் அதை அடக்கி வைத்திருக்குமாம். ஆன்டிபயாடிக் அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டமாம். சர்க்கரை இருந்தாலும் வரும், கர்ப்பத்திலும் வரும் என்றவர், "அரிப்புக்கு மறுபடியும் அதையே குடுத்த புத்திசாலி யாரு?" என்றார்.

"கஸ்டமரோட நாத்தனார்" என்றாள், சுரத்தில்லாமல்.

அன்றிலிருந்து சொல்லிவிடலாம் என்று அடுக்களைக்குப் போவாள். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்புவாள். உண்மை வெளிவந்தால் தெரு சிரிக்குமே! சுவருக்கு அந்தப்பக்கம் அண்ணன் வாங்கிக் கட்டிக்கொள்வதை, தலையணையால் காதைப் பொத்தியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் அண்ணி பெட்டியில் துணி அடுக்கினாள்.

"அண்ணி, அண்ணன் மேல தப்பில்ல. நான் குடுத்த மாத்திரையாலதான் வந்துச்சு." மீதியையும் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"போன வாரமே."

"அவரை நான் கேட்டதெல்லாம் உன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு, அண்ணி."

அண்ணி பெட்டியை மூடவும் இல்லை, துணியை வெளியே எடுக்கவும் இல்லை. "நாளைக்கு நான் நிஜ டாக்டரைப் பாத்துக்கிறேன். இப்ப அவர் படியில உக்காந்திருக்காரு. போய் நீயே சொல்லு."

ஊருக்கே வாய் ஓயாமல் வைத்தியம் சொன்னவள், சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒப்பித்தபடி வாசலுக்குப் போனாள். தங்கை ஆறுதல் சொல்ல வருகிறாள் என்று நினைத்து, அண்ணன் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.