தக்காளி காய்த்த இருட்டறை

அக்கா எழுப்பிய சுவர் ஜன்னலின் முக்கால் பாகத்தை விழுங்கிவிட்டு, மேலே ஒரு முழ இடைவெளியோடு மூச்சு வாங்க நின்றிருந்தது. உள்ளே மேசைமேல் ஏறி நின்ற தங்கை, அலுமினியச் சட்டத்தில் எல்இடி பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தாள். வாயில் ஈயக்கம்பி. கீழே வாடிப்போய்த் தலை தொங்கிய தொட்டிச் செடிகள்.

வீட்டை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தவர் அப்பா. ஜன்னல் ஒருத்திக்கு, ஜன்னலுக்கு வெளியே இருக்கும் சந்து இன்னொருத்திக்கு. பிரித்தவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்காவுக்கு ஜெராக்ஸ் கடை. காகிதக் கட்டுகளைப் போட்டு வைக்க அந்தச் சந்தில் ஓர் அறை கட்டக் கிளம்பினாள். சுவர் முக்கால் ஜன்னலுக்கு ஏறியதும் தங்கை அழுதாள், கத்தினாள், பிறகு தாய்மாமாவிடம் போனாள். அந்தக் குடும்பத்தில் எந்தச் சண்டையும் மாமா வந்து பார்க்காமல் முடிந்ததில்லை. தெருவே அவரைத் தீர்ப்பு மாமா என்றுதான் சொல்லும். "நான் வந்து பாக்குறேன். ரூம்ல வெளிச்சம் வரலைன்னா சுவருக்கு மேல இருக்கிற இடைவெளி அப்படியே இருக்கட்டும். அதுவரைக்கும் யாரும் ஒரு கல்லு வைக்கக் கூடாது" என்றார் போனில். அப்புறம் அவருக்குக் கண் அறுவை சிகிச்சை, மகளுக்குப் பிரசவம் என்று வருகை மாதக்கணக்கில் தள்ளிப்போனது. சுவர் காத்திருந்தது. செடிகளால்தான் காத்திருக்க முடியவில்லை.

தங்கைக்கு வேலை பெயர்ப்பலகை செய்யும் கடையில். அக்கம்பக்கத்துக் கடைகளில் பாதியின் பெயர் மின்னுவது அவள் கைவேலைதான். அக்காவின் ஜெராக்ஸ் கடைப் பலகையும் அவள் செய்ததே. அதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஓர் எழுத்து அணைந்துபோனபோது மட்டும் சொன்னாள்.

கடையில் வெட்டி மிஞ்சிய எல்இடி துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தாள். மருந்துக்கடைப் பலகையில் மிஞ்சிய சிவப்பு, செல்போன் கடையின் நீலம், மற்றதெல்லாம் வெள்ளை. முதலில் மரப்பலகையில் ஒட்டினாள். சூடு தாங்காமல் பசை இளகி, பட்டை பாம்புபோல மிளகாய்ச் செடிமேல் விழுந்தது. பிறகுதான் அலுமினியம். பிளஸ்ஸும் மைனஸும் மாறாமல் ஒவ்வொரு துண்டையும் பற்றவைத்து, சட்டத்தைச் சங்கிலியில் தொங்கவிட்டாள். ரொம்பத் தாழ்த்தியதில் இலை நுனி கருகியது. ஒரு சாண் உயர்த்தினாள். ராத்திரியில் அணைத்தாள், அதுகளும் தூங்க வேண்டுமே என்று. ஆக, செடிகளுக்கு அந்த வீட்டில் கிடைத்த கவனிப்பு அவள் புருஷனுக்குக் கிடைக்கவில்லை என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான்.

தக்காளி பூத்தது. மூடிய அறையில் காற்றேது, வண்டேது? பழைய மேக்கப் பிரஷ்ஷால் பூப்பூவாகத் தொட்டுக்கொண்டிருந்தவளைப் பார்த்து, பஸ் ஓட்டிவிட்டு வந்த புருஷன், "தேனீ வேலையும் நீதானா?" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "இந்தா பாரு, மாமா ஞாயித்துக்கிழமை வர்றாராம். அதுவரைக்கும் லைட்டை அணைச்சுப் போடு. நாலு தொட்டி வாடினாத்தான் நம்ம ஜன்னல் பொழைக்கும்."

"வாடவிட்டுக் காட்டணுமாங்க?"

"பின்ன, பூங்கொத்து கொடுத்தா காட்டுவாங்க?"

அணைத்தாள். மறுநாளே மிளகாய் இலை சுருண்ட மாதிரி அவளுக்குத் தோன்றியது. ஞாயிறு காலை மறுபடி போட்டுவிட்டாள். பாவம் பார்த்துப் போட்டேன் என்று புருஷனிடம் சொன்னாள். பாவம் பார்க்கிறவள் இலை இலையாக ஈரத்துணியால் துடைத்து, பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவது போல நிற்கவைப்பாளா? யார் கண்ணில் படவேண்டும் என்று துடைத்தாள் என்பது துடைத்த கைக்குத் தெரியும்.

வெளிச்சத்தைப் பார்க்க வந்த மாமா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். டாக்டர் கழற்றக் கூடாது என்றிருக்கிறார். பின்னாலேயே அக்கா. சுவர் எழுந்த பிறகு இந்தப் பக்கம் அவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

"இருட்டுன்னியே பாப்பா? கண்ணாடியத் தாண்டிக் கண்ணு கூசுதே!" என்றார் மாமா.

அக்கா அவரைக் கவனிக்கவில்லை. குனிந்து ஒரு தக்காளியை உள்ளங்கையில் ஏந்தினாள். சட்டத்தை அண்ணாந்து பார்த்தாள். "இதெல்லாம் நீயேவாடி பண்ணே?"

அவ்வளவுதான். தங்கைக்கு வாய் திறந்துகொண்டது. சிவப்பு எதற்கு, நீலம் எதற்கு, மரத்தில் ஒட்டினால் என்ன ஆகும், சங்கிலி ஏன் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அக்கா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு நேரம் கேட்டதே இல்லை.

"அப்போ இதுக்கு வெயிலே வேணாமா?"

"வேணாம்க்கா. எவ்வளவு இருட்டுல வெச்சாலும் வளரும்!"

புருஷன் கூரையைப் பார்த்தான். மாமா தொண்டையைச் செருமினார். "அப்புறம் என்ன? அவளே சொல்லிட்டா."

"மாமா, செடிக்குத்தான் வேணாம்னேன். எங்களுக்கு வேணுமே."

"செடிக்கே போதும்னா உங்களுக்கென்ன, நீங்க என்ன இலையா விடப்போறீங்க?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

அக்கா வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். "ரொம்ப நல்லா பண்ணியிருக்கேடி." கேலியா, நிஜமா என்று முகத்தில் தேடினாள் தங்கை. நிஜமாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே கொத்தனார் சாரம் ஏறினார். ஒவ்வொரு கல்லாக வைக்க வைக்க, தரையில் விழுந்திருந்த வெயில் துண்டு ஓரமாக மடிந்து மெலிந்தது. ஒரு கல் அளவு மிச்சமிருந்தபோது அந்த ஓட்டையில் அவர் முகம் தெரிந்தது. "தங்கச்சி, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

மேசைமேல் ஏறி, ஜன்னல் கம்பிக்கு நடுவே டம்ளரை நீட்டினாள். சிமெண்ட் அப்பிய விரல்கள் வாங்கிக்கொண்டன. மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம். நீட்டிய கையை இழுக்காமல் டம்ளருக்காகக் காத்திருந்தாள்.

"சுத்தி வந்து தர்றேம்மா, கையெடுங்க. கலவை காயுது" என்றார் அவர்.

கையை எடுத்தாள்.