ரிவர்ஸ் கியரில் பேசும் கிளி

முன்னால் போவதென்றால் ஆர்லிஸ் எங்கே வேண்டுமானாலும் போவாள். அரிசோனாப் பாலைவனத்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, பிக்கப் லாரியின் முதுகில் கழுத்தை ஊன்றிக்கொண்டு பின்தொடரும், அவர்களுக்கு வீடாகவே இருக்கும் நீண்ட டிரெய்லரை இழுத்துக்கொண்டு, மலை ஏறி, மலை இறங்கி, லாரிக்காரர்களுக்கு வழிவிட்டு, வழிவிடாதவர்களைத் திட்டி, ஒரே பகலில் யூட்டா வரைக்கும் வந்துவிட்டாள். அறுபத்தெட்டு வயதில் சாதாரண விஷயமா? பின்னால் போவதுதான் அவளுக்கு ஆகாத காரியம்.

டிரெய்லர்கள் தங்கும் முகாமின் வாசலில் இருந்த பெண் வரைபடத்தில் ஒரு மூலையைப் பேனாவால் சுழித்துக் கொடுத்தாள்.

“இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போற இடமெல்லாம் ஃபுல் மேடம். ரிவர்ஸ்ல போடற இடம் ஒண்ணுதான் இருக்கு. ஆத்தோரம். ரொம்ப அழகா இருக்கும்.”

அழகு யாருக்கு வேண்டும்? பக்கத்து இருக்கையில் இருந்த கணவர் டெல்மரை ஆர்லிஸ் திரும்பிப் பார்த்தாள். அவர் மடியில் கிடந்த ஹேசலின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். ஹேசல் கிழட்டு பீகிள் நாய். மலை வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்த களைப்பில் கிடந்தது. பின் இருக்கையில் கூண்டுக்குள் டீக்கன், தேவாலய உதவிக்காரரின் பட்டத்தைப் பெயராக வைத்த சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளி, ஒற்றைக் காலில் நின்று தூங்கிக்கொண்டிருந்தது.

“சொன்னது ஞாபகம் இருக்குல்ல?” என்றார் டெல்மர்.

“இருக்கு, இருக்கு.”

காலையில் கிளம்பும்போதே சொல்லியிருந்தார். எதையும் கேலியாகவே சொல்லிப் பழகிய மனிதர், இதை மட்டும் வானிலை அறிக்கை மாதிரி சொன்னார். ஆர்லிஸால் டிரெய்லரைத் தானே இடத்தில் போட முடிந்தால் வடக்கே போவது, எப்போதும் போல ஊர் ஊராகத் தங்கி. முடியாவிட்டால் நாளைக்கே சால்ட் லேக் நகரத்தில் விற்றுவிட்டு, ஃபார்கோவில் மகன் பார்த்து வைத்திருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குப் போய் உட்காருவது. அந்தக் கட்டடத்தில் நாய்க்கு அனுமதி உண்டு. கிளிக்குக் கிடையாது. அதிலும் டீக்கன் மாதிரி தொண்டை இருக்கிற கிளிக்கு எந்தக் கட்டடத்திலும் கிடையாது. பதினோரு வருடம் கூடவே வந்த ஜீவனை யாருக்கோ தாரை வார்த்துவிட்டுப் போவதை ஆர்லிஸால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

இத்தனை வருடமும் ஓட்டியது டெல்மர்தான். போன மாதம் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, “ராத்திரி ஓட்டக் கூடாதாம். அரைகுறையா எதுக்கு? மொத்தமா விட்டுடறேன், நீயே ஓட்டு” என்று சாவியைக் கையில் போட்டுவிட்டார். டாக்டர் அறைக்குள் ஆர்லிஸ் போகவில்லை. எப்படிப் போவாள்? அந்தப் பாலைவன வெயிலில் வண்டியை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் நாயும் கிளியும் வெந்துவிடும். ஏசியை ஓடவிட்டுக்கொண்டு யாராவது ஒருவர் அவற்றோடு உட்கார்ந்தே ஆக வேண்டும். வங்கிக்கும் பல் டாக்டருக்கும், ஏன், நண்பர்களின் ஈமச் சடங்குக்கும்கூட ஒருவர் உள்ளே, ஒருவர் வண்டியில் என்றுதான் இவர்கள் இத்தனை காலம் போய் வந்திருக்கிறார்கள்.

டெல்மர் இறங்கி, டிரெய்லரின் பக்கவாட்டுச் சுவரில் கையை ஓடவிட்டபடி பின்பக்கம் நடந்தார். இத்தனை நாள் இவள் வெளியே நின்று வழி சொல்ல, அவர் உள்ளே ஓட்டினார். இனி அவர் வெளியே, இவள் உள்ளே. பழைய வாக்கி டாக்கி இரண்டும் அதேதான், கைதான் மாறிவிட்டது.

ஆற்றோரத்தில் இருந்தவர்கள் அதற்குள் மடக்கு நாற்காலிகளை இந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். யாராவது ரிவர்ஸ் எடுக்க வந்தால் உட்கார்ந்து பார்ப்பது முகாம் வழக்கம். அதைவிட நல்ல பொழுதுபோக்கு அங்கே கிடையாது. பார்க்கலாம், சிரிக்கலாம், பீர் குடிக்கலாம். யோசனை மட்டும் சொல்லக் கூடாது. ஒரு வண்டிக்கு வழி சொல்ல ஒரே ஆள்தான், அதுவும் பெரும்பாலும் பெண்டாட்டி. அப்போது அவர்கள் பேசிக்கொள்கிற பேச்சை வைத்துத்தான், இந்த ஜோடி ஊர் போய்ச் சேருமா வழக்கறிஞரிடம் போய்ச் சேருமா என்று மற்றவர்கள் முடிவு கட்டுவார்கள்.

ஆர்லிஸ் கியரை மாற்றினாள். பிக்கப் பீப், பீப் என்று கத்தத் தொடங்கியது. டீக்கன் கண்ணைத் திறந்தது.

“கர்ர்ர்ர்,” என்றது டீக்கன், வாக்கி டாக்கியின் இரைச்சல் அப்படியே. அடுத்து ஒரு பெண் குரல் வண்டியை நிறைத்தது. “இடப் பக்கம்! இடப் பக்கம்னு சொன்னேன்ல டெல்மர்! நிறுத்து! நிறுத்துன்னா நிறுத்தணும்!”

ஆர்லிஸின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. டிரெய்லர் குலுங்கி நின்றது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவள் குரல்தான். ஆனால் அவள் குரல் இவ்வளவு கரகரப்பாக, இவ்வளவு கொடூரமாக இருக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. சாவி கைக்கு வந்த பிறகு ரிவர்ஸ் பயிற்சி எடுத்த நாட்களில் டீக்கனையும் ஹேசலையும் ஒரு தோழியிடம் விட்டுவிட்டுத்தான் போனாள். ரிவர்ஸ் கியர் விழும் நேரத்தில் இந்தக் கிளியோடு வண்டிக்குள் இருப்பது இதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் அந்த நேரத்தில் அவள் வெளியே நின்றல்லவா கத்திக்கொண்டிருந்தாள்?

ஜன்னல் திறந்திருந்தது. நாற்காலிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தொப்பி போட்ட ஒருவர், வேட் என்று பெயர், எழுந்து வந்தார். பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய நல்ல மனசு.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. நான் வேணா போட்டுத் தரட்டுமா? ரெண்டே நிமிஷம்.”

“நாளைக்குத் தங்கற ஊர்லயும் நீங்களே வந்து போட்டுத் தருவீங்களா?”

வேட் தொப்பியைத் தொட்டுவிட்டு, வந்த வழியே போய் உட்கார்ந்தார்.

ஆர்லிஸ் வண்டியை முன்னால் இழுத்து நேராக்கி, மறுபடி ஆரம்பித்தாள். அந்த இடம் வலப் பக்கம் திரும்பிப் போட வேண்டியது. டிரெய்லர் வலப்புறம் மடங்க மடங்க, வலக் கண்ணாடியில் அதன் சுவர் மட்டும்தான் தெரியும். இடக் கண்ணாடியில் வெறும் சாலை. இடப்புறப் பின்மூலை, அங்கேதான் கரண்டுப் பெட்டியின் கம்பம், எந்தக் கண்ணாடியிலும் விழாது. அங்கே நிற்கிற ஆளை நம்பித்தான் வண்டி நகர வேண்டும்.

“வா,” என்றது வாக்கி டாக்கி. டெல்மரின் குரல். “மெதுவா. வா.”

பிறகு பேச்சே இல்லை.

“கர்ர்ர்ர். எங்க பாத்து ஓட்டற? ஐயோ, மரம்! மரம்!” என்றது டீக்கன்.

‘நானா இது?’ என்று நினைத்தாள் ஆர்லிஸ். அவள் வெளியே நின்று கத்துகிற நாட்களில், பிக்கப்பின் பக்கக் கண்ணாடியில் டெல்மரின் உதடு அசைவதைப் பார்த்திருக்கிறாள். தன்னைத் திட்டுகிறார் என்றுதான் நினைத்திருந்தாள். எல்லாப் புருஷர்களும் அதைத்தானே செய்கிறார்கள்! ஒருமுறை கேட்டதற்கு, “டீக்கன்கிட்ட ஜெபம் பண்ணினேன்” என்று இளித்தார். அன்று இரவு அவருக்குச் சூப்பைச் சூடு பண்ணாமலே கொடுத்தாள்.

டிரெய்லர் அங்குலம் அங்குலமாக உள்ளே போனது. இந்தத் தடவை சரியாகத்தான் போகிறது என்று அவளுக்கே தோன்றியது. மனசுக்குள் ஒரு சின்னக் குதூகலம். வடக்கே போகலாம். டீக்கனும் வரும்.

“கர்ர்ர்ர்,” என்றது டீக்கன். அவள் குரலில், தொண்டை கிழிய: “கண்ணு தெரியலையா உனக்கு? கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?”

அதோடு நிற்கவில்லை. கிளி தலையைச் சாய்த்து, தாழ்ந்த, களைத்த ஆண் குரலில் பதிலும் சொன்னது.

“தெரியலடா டீக்கன். ஒண்ணுமே தெரியல. அவ கத்தட்டும். சத்தத்தை வச்சுதான் ஓட்டறேன்.”

அச்சு அசல் டெல்மர். ஒரு தடவை கேட்டதைக் கிளி இப்படிப் படிக்காது. பல தடவை கேட்டிருந்தால்தான் படிக்கும்.

ஆர்லிஸ் பிரேக்கை அழுத்திக்கொண்டு உறைந்துபோனாள். வாக்கி டாக்கி வாயே திறக்கவில்லை. எவ்வளவு நேரமாகத் திறக்கவில்லை? பொத்தானை அழுத்தி, “டெல்மர்! எங்க நிக்கற?” என்றாள்.

“இங்கதான்.” குரலில் ஒரு தயக்கம். “ஏன் நிறுத்திட்ட? வா.”

அவள் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள்.

டெல்மர் கம்பத்துக்கும் டிரெய்லருக்கும் நடுவில் நின்றிருந்தார். முதுகு கம்பத்தில் சாய்ந்திருந்தது. ஒரு கையில் வாக்கி டாக்கி. இன்னொரு கை முன்னால் நீண்டு, டிரெய்லரின் பின்சுவரில் உள்ளங்கையைப் பதித்திருந்தது. முழங்கை ஏற்கெனவே மடங்க ஆரம்பித்திருந்தது. சுவர் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கையால் அளந்துகொண்டிருந்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் வந்திருந்தால், அவ்வளவுதான்.

ஆர்லிஸ் பாய்ந்து போனாள். அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தாள்.

“பைத்தியமா உனக்கு? வண்டிக்கும் கம்பத்துக்கும் நடுவுலயா நிப்பாங்க? குழந்தைக்குக்கூடத் தெரியுமே!”

“தள்ளி நின்னா எனக்கு எதுவும் தெரியாதே ஆர்லி.”

“எவ்வளவு தெரியுது உனக்கு? நிஜத்தைச் சொல்லு.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். இல்லை, முகத்துக்குச் சற்றுப் பக்கத்தில் பார்த்தார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் பார்க்கிறார். யோசனையில் இருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“ஓரமா இருக்கறது தெரியும். நடுவுல இருக்கறது தெரியாது. உன் காதும் முடியும் தெரியுது. நடுவுல அழிஞ்ச மாதிரி இருக்கு.”

“எவ்வளவு நாளா?”

“போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம் ஆரம்பிச்சுது.”

“ரெண்டு வருஷமாவா? கண்ணு தெரியாம என்னைப் பின்னால நிக்க வச்சா ரிவர்ஸ் எடுத்த? என்னை நசுக்கிக் கொன்னிருப்பியே பாவி!”

“நீதான் கத்திக்கிட்டே இருந்தியே,” என்றார் டெல்மர். “கத்தற ஆளை எப்படி நசுக்கறது? நீ எங்க நிக்கற, கம்பம் எங்க இருக்கு, எல்லாம் உன் குரல்லயே இருந்துது. நீ வாயை மூடின அன்னிக்குத்தான் நான் பயந்திருப்பேன்.”

அவரை ஓங்கி அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்ய முடியாமல் சட்டையைப் பிடித்த பிடியை விடாமல் நின்றாள். பெரிய சாலையில், எதிரே லாரிகள் வர, எப்படி ஓட்டினார்? ஓரங்களை வைத்தா? அந்த ஆத்திரம் லேசில் தீராது. இன்னும் பல நாளைக்கு அவரை வறுத்தெடுக்கத்தான் போகிறாள். ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று குத்தியது. ஒவ்வொரு முகாமிலும், ஊர் சிரிக்க, கண் தெரியலையா என்று அவரிடமே கேட்டிருக்கிறாள். அவர் உள்ளே உட்கார்ந்து ஒரு கிளியிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். தன்னிடம் ஏன் சொல்லவில்லை?

“சொல்லியிருந்தா?” என்று கேட்டார் டெல்மர், அவள் வாய் திறக்காமலே. “அன்னிக்கே ஃபார்கோதான். உனக்கு அந்த ஊர் ஆகாது. எனக்கும் ஆகாது.”

நாற்காலிகளில் சிரிப்பு அடங்கியிருந்தது. வேட் எழுந்திருப்பதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தார்.

“வா,” என்றாள் ஆர்லிஸ்.

“எங்க?”

“வண்டியில போய் உக்காரு. பின்னால ஒருத்தரும் நிக்க வேண்டாம்.”

அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். ஹேசல் அவர் மடியில் ஏறிக்கொண்டது. ஆர்லிஸ் வண்டியை முன்னால் இழுத்தாள். பிறகு கொஞ்சம் பின்னால் விட்டாள், நிறுத்தினாள், இறங்கினாள், பின்மூலை வரைக்கும் நடந்தாள், கம்பத்தையும் சுவரையும் தன் கண்ணாலேயே பார்த்தாள், திரும்பி வந்து ஏறினாள். இன்னும் கொஞ்சம் பின்னால். மறுபடி நிறுத்தினாள், மறுபடி இறங்கினாள். டீக்கன் வழி நெடுகத் திட்டியது. கண் தெரியலையா என்றும் கேட்டது. அந்தக் குரல் வரும்போதெல்லாம் ஆர்லிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். டெல்மர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்காலிக்காரர்களுக்குப் பொறுமை போய், ஒவ்வொருவராக இரவுச் சாப்பாட்டுக்கு எழுந்து போனார்கள். அடுப்புகளில் கறி தீயும் வாசனை வந்தது. அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும் போல வலித்தது. ஏறுவதும் இறங்குவதுமாக, வெளிச்சம் மங்கும் நேரத்தில் டிரெய்லர் தன் இடத்துக்குள் போய் நின்றது. கம்பத்தில் படவில்லை. மரத்தில் படவில்லை.

அவள் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

“நேரா நிக்குதா?” என்று கேட்டார் டெல்மர்.

“கோணல்.”

“ரொம்பவா?”

ஆர்லிஸ் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

“உனக்குத் தெரியற அளவுக்கு இல்ல.”

ஒரு கணம் அவர் முகம் அப்படியே இருந்தது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார், ஹேசல் பயந்து மடியிலிருந்து குதிக்கிற அளவுக்கு. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். ஆர்லிஸும் சிரித்தாள், எந்த இடத்தில் சிரிப்பு அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

“காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?” என்றார் அவர், சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

“வெயிலுக்கு முன்னால,” என்றாள் ஆர்லிஸ். “வடக்கே ரொம்ப தூரம் போகணும்.”