எடுக்கத் தடை, போடத் தடையில்லை

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வரித்துறை பூங்கோதையின் வங்கிக் கணக்கைப் பிடித்து உட்கார வைத்தது. பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கணக்கின் இரண்டு கைகளையும் மடியில் சேர்த்து, துணியால் சுற்றி, முடிச்சின் மேல் அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள்.

கணக்குக்கு வயது இருபத்து நான்கு. பத்தொன்பது வருஷத்துக்கு முன் விண்ணப்பத்தில் ஒட்டிய புகைப்படத்தில் அந்த வயதுப் பூங்கோதை எப்படி இருந்தாளோ, அப்படியே இருந்தது. அதே பச்சைச் சேலை. அதே, படம் எடுப்பவர் சொன்னதற்காகச் சிரித்த சிரிப்பு.

பூங்கோதை காஜா பட்டன் யூனிட் நடத்தினாள். கம்பெனிகளிலிருந்து வரும் சட்டைகளுக்குத் துளை போட்டுப் பட்டன் தைத்துக் கொடுக்கும் வேலை. பதினொரு பெண்கள் இருந்தார்கள். சனிக்கிழமை சம்பளம். அது அவள் ஒரு வாரம்கூடத் தவறவிடாத ஒன்று.

"எதுக்குங்க சார் புடிச்சாங்க?" என்று வங்கி மேலாளரைக் கேட்டாள்.

"எங்களுக்குத் தெரியாதுங்க மேடம். மெயில் வந்துச்சு. உக்கார வெச்சிட்டோம்."

"நான் பேசலாங்களா?"

"நீங்க பேசலாம். போடறதுக்குத் தடை இல்ல. அது பதில் பேசக் கூடாது. பேசுனா எடுத்த மாதிரி ஆயிரும்."

பூங்கோதை குனிந்தாள். "சாப்புட்டியா?" என்றாள்.

கணக்கு அவளையே பார்த்தது. பக்கத்தில் இருந்த இயந்திரம் 'சாப்புட்டியா' என்று வரவில் அச்சடித்தது.

வரி வழக்கென்றால் ரத்தினசபாபதி வக்கீல்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். புதன்கிழமை காலை அவரைத் தேடிப் போனாள். கோர்ட்டுக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடம். அவருக்கு ஒன்பதாம் எண் அறை. எட்டாம் எண் அறையைத் தாண்டும்போது மணி பத்து. அதற்குப் பிறகு நடைபாதை நீண்டுகொண்டே போனது. வழியில் ஒரு குடும்பம் வடகம் காயப் போட்டிருந்தது. எதிரே வந்த பெரியவர் ஒருவர், "போறதுக்குத்தானுங்க இத்தன நேரம். திரும்பி வரதுக்கு ரெண்டு நிமிசந்தான்" என்றார். பூங்கோதை செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஒன்பதாம் அறையை எட்டும்போது மணி மூன்றரை.

ரத்தினசபாபதி நின்றபடியே தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்காலிகளில் வழக்குக் கட்டுகள் உட்கார்ந்திருந்தன.

"நோட்டீஸ் வந்துச்சா அம்மிணி?"

"ஒண்ணுமே வரலீங்க."

அவர் கையைக் கழுவிவிட்டு ஒரு தாளைத் தேடி எடுத்தார். "மூணு நோட்டீஸ் வந்திருக்குது. மூணுக்கும் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கு. உங்க யூனிட்டுக்கு எதிர்க்க இருக்கற முருங்கை மரம்."

பூங்கோதை கையெழுத்தைப் பார்த்தாள். நல்ல கையெழுத்துத்தான்.

"அதுகிட்ட நான் பேசிப் பழக்கமே இல்லீங்க."

"அதுதான் நமக்குச் சாதகம். வெள்ளிக்கிழம விசாரணை" என்றார் வக்கீல். ஒரு வக்காலத்துத் தாளை நீட்டினார். "ஆனா கட்சிக்காரர் யாரு? நீங்களா, கணக்கா?"

"நானுங்க."

"புடிச்சு வெச்சது உங்களை இல்லியே. கணக்குதான் கையெழுத்துப் போடணும். அது கைக்குச் சீல் வெச்சிருக்காங்க. அதனால நீங்க அதோட கையெழுத்தப் போடுங்க."

பூங்கோதை போட்டாள். அவள் கையெழுத்து இப்போது ஒரே இழுப்பு. நூல் அறுந்து தொங்குவதுபோல இருக்கும். வக்கீல் தலையை ஆட்டினார். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தையது வேண்டும். அவள் நாற்பது தாள் கிழித்தாள். விரல் வலித்தது. வெள்ளிக்கிழமை விசாரணை, சனிக்கிழமை சம்பளம் என்று மனசு அடித்துக்கொண்டது.

"அவசரப்படாதீங்க. பயந்துட்டே போடுங்க, வரும்."

அப்போதுதான் நினைவு வந்தது. கணக்குத் தொடங்கிய அன்றைக்கு எழுத்து எழுத்தாக, யாரோ திட்டப்போகிறார்கள் என்பதுபோல எழுதினாள். அப்படியே எழுதினாள். வந்துவிட்டது. வக்கீல் அதன் மேல் ஊதி, மடித்து வைத்தார். திரும்பி வர இரண்டு நிமிஷம் ஆனது.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு முருங்கை மரம் டவுன் பஸ்ஸில் வந்திருந்தது. அறைக்கு நடுவில் நின்றது. மின்விசிறி சுற்றச் சுற்ற அதிகாரியின் மேசையில் இலை உதிர்ந்தது. அதிகாரி மூக்குக் கண்ணாடி போட்ட அம்மாள். இலைகளை உருவி ஒரு டப்பாவில் சேர்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ நோட்டீஸ இவங்ககிட்டக் குடுத்தியா?"

மரம் இன்னும் நாலு இலையை உதிர்த்தது.

"மேடம்" என்று வக்கீல் எழுந்தார். இதுவரை அவர் குரல் இவ்வளவு பெரிதென்று பூங்கோதைக்குத் தெரியாது. "மரம் வாங்கலாம். யாரும் தடுக்க முடியாது. ஆனா வாங்கினத எடுத்துட்டு ரோட்டத் தாண்டி வந்து இவங்ககிட்டக் குடுக்கணும். மரம் நடக்குமா?"

"இன்னிக்கு வந்திருக்குதே."

"சம்மன் அனுப்பினீங்க, வந்துச்சு. அன்னிக்கு யாரு அனுப்புனாங்க?"

அதிகாரி டப்பாவை மூடினார். "சரி. நோட்டீஸ் சேரல" என்று எழுதினார். பூங்கோதைக்கு மூச்சு வந்தது. "அதனால இப்பக் குடுக்கறேன்" என்று ஒரு தாளை நீட்டினார்.

'ஏழு நாளில் காரணம் காட்டவும்' என்று மட்டும் இருந்தது.

"எதுக்குக் காரணம்னு போடலீங்களே மேடம்?"

"அது உங்க பதில்ல வரணும்மா."

வக்கீல் விடவில்லை. பதினொரு பெண்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். எட்டாவது பெயரில் அதிகாரி பேனாவை எடுத்தார். பதில் வரும்வரை ஒரே ஒரு தடவை எடுக்கலாம், சனிக்கிழமை ஒரு மணிக்குள், என்று உத்தரவு போட்டார்.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்குப் பூங்கோதை பதினொரு பெண்களோடு வங்கிக்குப் போனாள். மேலாளர் உத்தரவைப் படித்தார். "ஒரு தடவதான் மேடம். பணமா எடுக்கலாம். இல்ல, அது ஒரு வார்த்த பேசலாம். எது வேணும்?"

கணக்கு வாயைத் திறந்து காத்திருந்தது. ஏதோ சொல்லப்போகும் முகம். என்னவென்று பூங்கோதைக்குத் தெரியவில்லை. அந்த வயதில் அவளுக்கு என்னவெல்லாமோ சொல்ல இருந்தது. ஒன்றும் நினைவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தாள். சம்பளச் சீட்டை நீட்டினாள்.

கணக்கு மெல்ல வாயை மூடிக்கொண்டது.

பதினொரு பேருக்கும் பணம் வந்தது. மாராத்தாள் நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டாள்: "அந்தப் புள்ள யாருங்கக்கா? நம்மளையே பாக்குது."

"தெரிஞ்ச புள்ளதான்."

"வேலைக்கு வருமுங்களா?"

"வரும். கேஸ் முடியட்டும்."

பெண்கள் கலைந்து போனார்கள். பூங்கோதை பஸ் நிறுத்தத்துக்கு வேகமாக நடந்தாள். இன்னும் ஆறு நாள். காரணம் ஒன்று கண்டுபிடிக்க வேண்டும். பின்னால் வங்கிக்குள் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். அவள் திரும்பவில்லை. திரும்பிப் பார்ப்பதும் எடுத்ததாகிவிடுமோ என்னவோ. வக்கீலைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது.

பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் வந்தார்.

"ஒண்ணுங்க" என்றாள்.

கண்டக்டர் அவளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்தார். மகளிர் டிக்கெட் இரண்டைக் கிழித்து அவள் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.