இரண்டாவது ஆள்

கழுத்தில் ஓட்டை போட்ட அந்த ரப்பர் பொம்மையை மடியில் வாங்கிக்கொண்ட மறு நிமிஷமே நாத்தனார் அதோடு பேச ஆரம்பித்துவிட்டாள். "என்னடி, யாரு உன் கழுத்துல ஓட்ட போட்டது? எங்கிட்ட சொல்லியிருந்தா ஒரு பட்டன் வச்சுத் தச்சிருப்பேன்ல?" ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். பெரிய சிஸ்டர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிக்காதவள் ஒருத்திதான். ஜன்னலோரக் கட்டிலில், மகளின் மார்பின் மேல் வைத்த கையை எடுக்காமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இவளை யார் வரச் சொன்னது என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது அவளுக்கு.

யாருமே வரச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர்கள் சொல்லி எத்தனையோ நாளாகிவிட்டது. குறை மாதத்தில் பிறந்து, மாதக்கணக்கில் மெஷின் ஊதிய காற்றில் உயிர் பிடித்து, நுரையீரல் தழும்பேறிப்போன பிள்ளை. தொண்டைக்குள் மூச்சுப்பாதை சுருங்கிவிட்டதால் கழுத்தில் துளை போட்டு ஒரு சின்னக் குழாய் வைத்திருந்தார்கள். காற்று போவதும் வருவதும் அதன் வழியாகத்தான். காற்று மேலே தொண்டைக்குப் போகாததால் குரல் கிடையாது. அழுதால் முகம் சிவக்கும், கண்ணீர் கொட்டும், சத்தம் மட்டும் வராது. பேச்சு வராவிட்டால் என்ன, பார்வையே போதும். யார் கட்டிலருகே வந்தாலும் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்துவிட்டுத்தான் சிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வாள். வார்டில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர்.

அந்தக் குழாயில் சளி சேர்ந்தால் உடனே மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். பகலா ராத்திரியா என்று சளிக்குத் தெரியாது. அடைத்துக்கொண்டால் கத்திக் கூப்பிடவும் பிள்ளையால் முடியாது. எப்போதும் ஒருத்தர் கண் அவள் மேல் இருந்தாக வேண்டும், ஒற்றை ஆளால் அது ஆகிற காரியமில்லை. "கத்துக்கிட்ட ஆளுங்க ரெண்டு பேர் இருந்தாதான் வீட்டுக்கு அனுப்புவேன்" என்று பெரிய சிஸ்டர் சொல்லிவிட்டார். முதல் ஆள் அம்மா. இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? புருஷன் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் இருக்கும் நாளைவிட ரோட்டில் இருக்கும் நாள்தான் அதிகம். இருந்தும் ஆசையாய்க் கற்றுக்கொள்ள வந்தான். எத்தனை மலைப்பாதையில் வண்டியை ஏற்றி இறக்கிய மனுஷன், மகளின் கழுத்துக் குழாயைச் சிஸ்டர் கழற்றி மாட்டுவதைப் பார்த்ததும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். இவளுடைய தங்கச்சி கைக்குழந்தையோடு எங்கோ தூரத்தில் இருக்கிறாள். இவளைப் பெற்றவளோ உயிரோடு இல்லை.

இப்படி இருக்கையில்தான் புருஷனின் அக்கா தையல் மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, அளவு டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்து, பஸ் ஏறி வந்து நின்றாள். கீழ்வீட்டில்தான் இருக்கிறாள், தனியாள். தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். ஓயாத வாய். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்யும் நேரம்தான் அக்கம்பக்கத்துக்கு நிம்மதி.

அந்த வாய்தான் அன்றைக்குச் சொன்னது. பிள்ளை பிறந்த மறுநாள், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அந்தக் கைப்பிடி உயிரை எட்டிப் பார்த்துவிட்டு, வராந்தாவில் நின்று தம்பியிடம் சொன்னாள்: "இது தேறாதுடா. மனசத் தேத்திக்கங்க." தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாய் நடந்து வந்தவளின் காதில் அது விழுந்துவிட்டது. அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது. நாத்தனார் எத்தனையோ முறை பார்க்க வந்தாள். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செத்தாலும் அந்த நாத்தனார் கை என் பிள்ளை மேல் படக்கூடாது என்று மனசுக்குள் சத்தியமே பண்ணியிருந்தாள்.

பெரிய சிஸ்டர் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். கையைக் கழுவு, கையுறை போடு. உறிஞ்சுகிற டியூபை எவ்வளவு தூரம் உள்ளே விடலாம் என்று முதலிலேயே அளந்துகொள். உள்ளே போகும்போது உறிஞ்சாதே. வெளியே எடுக்கும்போதுதான் கட்டைவிரலால் டியூபின் பிடியில் உள்ள துளையை மூடி, மெல்லச் சுழற்றிக்கொண்டே எடு.

"இன்னொண்ணு. டியூப உள்ள விடும்போது உங்க மூச்சயும் பிடிச்சுக்கணும். நீங்க எடுத்து முடிக்கிறவரைக்கும் பாப்பாவுக்கு மூச்சு கிடையாது. உங்களுக்கு முட்ட ஆரம்பிச்சா அவளுக்கு அதுக்கு முன்னாடியே முட்டியிருக்கும். அதனால சட்டுன்னு முடிக்கணும்."

"அப்ப அந்த நேரத்துல பேசவே கூடாதா சிஸ்டர்?"

"மூச்சப் பிடிச்சுக்கிட்டு எப்படிம்மா பேசுவீங்க?"

"அட, அதான் எனக்குப் பெரிய பரீட்சையே" என்றாள் நாத்தனார். வார்டே சிரித்தது. பிள்ளையின் அம்மா எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

கஷ்டகாலம் என்னவென்றால், நாத்தனாருக்கு நன்றாக வந்தது. ஊசியில் நூல் கோத்துக் கோத்துப் பழகிய கை, நடுங்கவே இல்லை. கழுத்துப் பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் போகிற இடைவெளி வேண்டும் என்று சிஸ்டர் சொன்னபோது, "இது எங்க காலர் கணக்குதானே" என்று ஒரே தடவையில் சரியாகக் கட்டினாள். இவள் கட்டிலில் உட்கார்ந்து, எங்கேயாவது தப்பு பண்ணமாட்டாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போக வேண்டும் என்று உயிர் துடிக்கிறது. அதற்கு வழி இந்த நாத்தனார்தான் என்றால் வயிறு எரிகிறது. என்ன மனசு இது என்று தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது. இன்ஸ்பெக்டரோ அத்தையை மேலும் கீழும் அளந்து பார்த்துவிட்டு, அளவு டேப்பின் முனையைப் பிடித்து இழுத்து, சத்தமே இல்லாமல் சிரித்தாள்.

கடைசியில் பெரிய சிஸ்டர் பரீட்சைக்கு ஒரு நாள் குறித்தார். வார்டை ஒட்டிய தனி அறைக்குள் பிள்ளையும் நாத்தனாரும் மட்டும். சிஸ்டர் மூலையில் உட்கார்ந்திருப்பார், தொடமாட்டார். அம்மா வெளியே பெஞ்சில் இருக்க வேண்டும், மத்தியானம் முழுக்க.

பெஞ்சில் உட்கார்ந்தவள் பெஞ்சிலா இருந்தாள்? கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை இருமியது. முகம் சிவந்தது. நாத்தனார் கையுறையை எடுத்தாள், என்ன அவசரம் என்பதுபோல நிதானமாய் விரல் விரலாய்ப் போட்டாள். இவளுக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய், நாத்தனாரின் கையைத் தட்டிவிட்டு, டியூபைப் பிடுங்கித் தானே சளியை எடுத்து முடித்தாள்.

பெரிய சிஸ்டர் எழுந்தார். "அவங்க சரியாத்தான் செஞ்சாங்க. அவங்க பாஸ். ஃபெயில் ஆனது நீதான்."

"நானா?"

"நீ காய்ச்சல்ல விழுந்தா என்ன பண்ணுவ? பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா? நீ அசந்து தூங்கி எத்தன மாசம் ஆச்சு, சொல்லு பாப்போம். நேத்து எனக்கு பதில் சொல்லிக்கிட்டே நின்ன எடத்துல கண்ண மூடின. உன்ன நம்பி எப்படி நான் பாப்பாவ அனுப்புறது?"

அவ்வளவுதான், உடைந்துவிட்டாள். "இவங்க என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்? பொறந்து ஒரு நாள்கூட ஆகல. தேறாதுன்னாங்க. என் காதுபடச் சொன்னாங்க. இவங்ககிட்டயா நான் பிள்ளைய விட்டுட்டுத் தூங்கணும்?"

நாத்தனார் கையுறையை விரல் விரலாய்க் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். டேப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"சொன்னேன்" என்றாள். "அன்னைக்குப் பாத்தப்ப எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. வாயில வந்துடுச்சு." டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "இப்ப அப்படித் தெரியல. எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியலம்மா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று இவள் காத்திருந்தாள். வரவில்லை. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம்தான் வந்தது, நெடுநேரம்.

"நாளைக்கு மறுபடியும் வைக்கிறேன்" என்றார் பெரிய சிஸ்டர். "நாளைக்கும் நீ உள்ள வந்தா, பாப்பா இங்கதான். அப்புறம் எங்கிட்ட அழாத."

மறுநாள் மத்தியானம் சிஸ்டர் முன்யோசனையாகக் கதவுக் கண்ணாடியில் ஒரு துண்டை மாட்டிவிட்டார். இவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒன்றும் தெரியவில்லை. கேட்க மட்டும்தான் முடிந்தது, அதுவும் அந்தக் குரலை.

"கேட்டியாடி இன்ஸ்பெக்டரு, அந்த எதிர்வீட்டுக்காரி இருக்காளே, சட்டைக்கு அளவு குடுத்துட்டுப் போனா. ஒரு மாசம் கழிச்சு ரெண்டு சுத்து பெருத்து வந்து நின்னுக்கிட்டு, நீ தப்பாத் தச்சிட்டேன்னு எங்கிட்ட சண்டைக்கு நிக்கிறா. நான் விடுவேனா? டேப்ப எடுத்து அவ இடுப்புல—"

பேச்சு பட்டென்று நின்றது. மெஷின் உறுமியது. இவளுக்கு மூச்சு தானாக நின்றுபோயிற்று. இத்தனை மாதப் பழக்கம், யார் சளி எடுத்தாலும் இவள் நெஞ்சு கூடவே அடைத்துக்கொள்ளும். எழுந்துவிட்டாள். கைப்பிடியில் கை போய்விட்டது. இவளுக்கு இன்னும் மூச்சு முட்டத் தொடங்கவே இல்லை, அதற்குள்—

"—சுத்தினேன் பாரு, அவ மூஞ்சியப் பாக்கணுமே!" என்று குரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கைப்பிடியிலிருந்து அவள் கை இறங்கியது. பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்து மறுபடி பேச்சு நின்றது, மெஷின் ஓடியது, பேச்சு வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளைக்குத்தான் குரல் இல்லை, கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பவளுக்கு அவள் மூச்சு விடுகிறாளா என்று எப்படித் தெரியும்? இந்தக் குரல் ஓடிக்கொண்டிருந்தால் பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. கேட்டாலே இவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே குரல். இன்னமும் அவளுக்கு அதைப் பிடிக்கவில்லை, அன்றைய வார்த்தை இன்னமும் முள்ளாய்த்தான் இருக்கிறது. ஆனாலும் நிற்காதே, பேசு, பேசிக்கொண்டே இரு என்று மனசு கெஞ்சியது.

ரேடியோ பேசிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டுக்காரி கதை முடிந்து, பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணியில் கடைக்காரன் செய்த தில்லுமுல்லு, தம்பி சின்ன வயதில் பல்லியைக் கண்டு அலறியது எல்லாம் வந்தன. வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியைத் தடதடவென்று உருட்டிக்கொண்டு போனார்கள்.

நேரம் முடிந்ததைச் சொல்லப் பெரிய சிஸ்டர் கதவைப் பாதி திறந்தார். பெஞ்சில் அவள் சுவரில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, காலில் ஒரு செருப்பு கழன்று கிடக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பக் கை நீட்டிய சிஸ்டர், நீட்டிய கையை எடுத்துக்கொண்டார்.

அறைக்குள் பிள்ளை இருமியது. நாத்தனாரின் பேச்சு நின்றது, மெஷின் உறுமியது. வெளியே பெஞ்சில் அவள் மார்பு மட்டும் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.